பெரனிகே: யானைக்காகப் பிறந்து மிளகால் வாழ்ந்த துறைமுகம்

கேள்வி இதுதான்: எகிப்தின் செங்கடல் கரையில் பெரனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது தென்னிந்திய மிளகும் தமிழ் எழுத்துள்ள ஓடும் கிடைத்தன என்கிறார்கள். அது எப்படிப்பட்ட ஊர்? அந்தப் பாலைவனக் கரையில் ஏன் துறைமுகம் அமைத்தார்கள்? இன்று அங்கே என்ன மிச்சம் இருக்கிறது?

மிளகும் உண்மை, தமிழ் எழுத்தும் உண்மை. ஆனால் அந்த இரண்டை மட்டும் எடுத்துப் பேசினால் ஊர் நம் கையை விட்டுப் போய்விடும். எண்ணூறு ஆண்டு வாழ்ந்த ஊர் அது. முதலில் ஊரைப் பார்ப்போம், மிளகு தானாக வரும்.

அலெக்சாண்டருக்குப் பின் எகிப்தை ஆண்ட கிரேக்கர்களான தாலமி வம்சத்தின் இரண்டாம் மன்னன், கி.மு. 275 வாக்கில், தன் தாய் பெரனிகேயின் பெயரால் இந்த ஊரை நிறுவினான். சூயஸிலிருந்து தெற்கே கடலோரமாக ஏறக்குறைய 825 கிலோமீட்டர். நைல் கரையில் உள்ள அஸ்வானிலிருந்து நேர் கிழக்கே ஏறக்குறைய 260 கிலோமீட்டர். ராஸ் பனாஸ் என்ற நீண்ட நிலமுனை கடலுக்குள் நீட்டிக்கொண்டு வடக்குக் காற்றைத் தடுக்கிறது. அந்த மறைவில்தான் ஊர். கி.பி. 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வாக்கில் அது கைவிடப்பட்டது. இடையிலும் சில காலம் ஆளில்லாமல் கிடந்திருக்கிறது.

அந்த இடத்தில் ஊர் அமைக்க நியாயமான காரணம் எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. ஆறு இல்லை. மழை எப்போதாவது. தோண்டினால் கிடைக்கும் நீர் உவர்ப்பு. தானியம் விளையாது, கட்டடத்துக்கு மரம் கிடையாது. கிரேக்கர் காலத்துக்குப் பிறகு வந்தவர்கள் வீட்டுச் சுவரையே இறந்த பவளப்பாறைத் துண்டுகளை அடுக்கித்தான் எழுப்பினார்கள். குடிநீர் உள்நாட்டுக் கிணறுகளிலிருந்து வந்தது. அந்தக் கிணறுகளைச் சுற்றிச் சிறு கோட்டைகள் கட்டிக் காவல் போட்டிருந்தார்கள். கோதுமை, எண்ணெய், திராட்சை மது எல்லாம் நைல் கரையிலிருந்து பாலைவனம் கடந்து வர வேண்டும்.

இத்தனை சிரமத்துக்கும் காரணம் காற்று. செங்கடலின் வட பாதியில் ஆண்டின் பெரும்பகுதி வடக்கிலிருந்து தெற்காகத்தான் காற்று வீசும். தெற்கே போகும் கப்பலுக்கு அது வரம். திரும்பி வரும் கப்பலுக்குச் சாபம். அரேபியாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ சரக்கோடு திரும்பும் பாய்க்கப்பல், சூயஸ் வரை போக வேண்டுமானால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எதிர்க்காற்றில், பவளப்பாறைகளுக்கு நடுவே, வளைந்து வளைந்து ஏற வேண்டும். அந்தப் பாடு படுவதைவிடத் தெற்கிலேயே கரையேறி, சரக்கை ஒட்டகத்தில் ஏற்றி நைலுக்குக் கொண்டுபோவது மேல் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். பாலைவனத்தில் பன்னிரண்டு நாள் நடப்பதைக் கடலில் எதிர்க்காற்றோடு போராடுவதைவிட மலிவாகக் கருதிய கணக்கு அது. பெரனிகேயின் வரலாறு முழுக்க இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் முதலில் அங்கே வந்து இறங்கிய சரக்கு மிளகு அல்ல, யானை.

அலெக்சாண்டரின் தளபதிகள் பேரரசைப் பங்கு போட்டுக்கொண்டபோது, சிரியா முதல் ஈரான் வரை செலூக்கஸ் பரம்பரையின் கையில் போனது. செலூக்கஸ் சந்திரகுப்த மௌரியரிடம் நிலத்தை விட்டுக்கொடுத்து 500 போர்யானைகளைப் பெற்றான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். எகிப்தின் தாலமிகளுக்கு இந்திய யானை வரும் வழி அடைபட்டது. எதிரியின் நிலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அதனால் இன்றைய சூடான், எரித்ரியா கரைகளில் வேட்டை நிலையங்கள் அமைத்து ஆப்பிரிக்க யானைகளைப் பிடித்தார்கள். பிடித்த யானைகளைக் கப்பலில் ஏற்றி வடக்கே கொண்டுவந்து இறக்கிய இடங்களில் முதன்மையானது பெரனிகே. அங்கிருந்து அவை பாலைவனத்தை நடந்தே கடந்து நைலுக்குப் போயின. அகழாய்வில் யானைப் பல்லும் மண்டையோட்டுத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன.

யானை ஏற்றிய கப்பல்களின் கதையை தியோதோரஸ் என்ற கிரேக்க எழுத்தாளர் விட்டுச் சென்றிருக்கிறார். படிக்கவே மனம் பதறும். பாரம் அதிகம் என்பதால் கப்பல் ஆழமாக அமிழ்ந்து ஓடும். இரவில் பாயை முழுக்க விரித்து வரும்போது பாறையிலோ மணல் திட்டிலோ ஏறி நின்றுவிடும். ஆளை மூழ்கடிக்கும் ஆழம் சுற்றிலும் இருப்பதால் இறங்கித் தள்ளவும் முடியாது. உணவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கடலில் எறிந்து பார்ப்பார்கள். கப்பல் அசையாவிட்டால், உணவு தீரும்வரைதான் உயிர்.

இவ்வளவு விலை கொடுத்துச் சேர்த்த யானைப்படை போரில் எப்படி நின்றது? கி.மு. 217இல் காசாவுக்குத் தெற்கே ராஃபியாவில் நடந்த போரில் நான்காம் தாலமியிடம் 73 ஆப்பிரிக்க யானைகள்; எதிரியான செலூக்கஸ் பரம்பரை மன்னன் மூன்றாம் அந்தியோக்கஸிடம் 102 இந்திய யானைகள். தாலமியின் யானைகளில் பெரும்பாலானவை இந்திய யானைகளின் வாடையையும் பிளிறலையும் தாங்காமல் பின்வாங்கின என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். போரில் வென்றது என்னவோ தாலமிதான், காலாட்படையின் பலத்தால். அதன்பிறகு யானை வேட்டையில் அரசுக்கு இருந்த ஆர்வம் மெல்லக் குறைந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் பெரனிகேயும் காலியானது. இதற்கு அண்மையில் ஒரு நல்ல விளக்கம் வந்திருக்கிறது. கிரேக்கர் காலத்துக் கோட்டையின் வாயில் கட்டடத்துக்குள் ஒரு பெரிய கிணற்றைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கிணறு கி.மு. 220க்கும் 200க்கும் இடையில் வறண்டுபோய் மணல் மூடியிருக்கிறது என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. கி.மு. 209 வாக்கில் நிகழ்ந்த பெரிய எரிமலை வெடிப்பு பல ஆண்டு மழையைக் குலைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கிணற்றில் நீர் வற்றியது, அதுவே போதுமானதாக இருந்தது. பாலைவனத் துறைமுகத்தின் உயிர்நாடி எங்கே இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் பிறவி ரோமானியர் கொடுத்தது. கி.மு. 30இல் எகிப்து ரோமின் கைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் எகிப்துக்கு வந்த கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ, பெரனிகேக்கு வடக்கே சுமார் 300 கிலோமீட்டரில் இருந்த மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்திலிருந்து மட்டும் 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போவதாக எழுதுகிறார். தாலமிகள் காலத்தில் இருபது கப்பல்கூடச் செங்கடலின் தென்வாயிலைத் தாண்டத் துணியவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். மியோஸ் ஹோர்மோஸ் இன்றைய குசைர் நகருக்கு அருகில் உள்ள குசைர் அல்-கதீம். இந்த இரண்டும் இந்தியக் கடல் வணிகத்தின் இரட்டை வாசல்கள்.

பயணம் எப்படி நடந்தது என்பதை ரோமானிய எழுத்தாளர் பிளினியும், பெயர் தெரியாத ஒரு வணிகர் எழுதிய கடல்வழிக் கையேடான பெரிப்ளுஸும் விரிவாகச் சொல்கின்றன. இரண்டும் கி.பி. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அலெக்சாந்திரியாவிலிருந்து நைலில் படகேறித் தெற்கே கொப்தோஸ் வரை வருவார்கள். இன்று அது கிஃப்த். அங்கிருந்து ஒட்டகத்தில் பெரனிகே, 12 நாள். வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவில்தான் நடை. பகலில் தண்ணீர் நிலையங்களில் ஓய்வு. ஜூலை வாக்கில் கப்பல் ஏறி, வடக்குக் காற்றில் செங்கடலைக் கடந்து, அரேபியாவின் தென்முனையில் உள்ள ஒக்கேலிஸை அடைவார்கள். அங்கிருந்து தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்தால் 40 நாளில் முசிறி. முசிறியில் கடற்கொள்ளையர் தொல்லை இருப்பதால், பாண்டியனின் ஆட்சியில் உள்ள துறையான பக்கரே மேல் என்று பிளினி அறிவுரையும் சொல்கிறார். டிசம்பரிலோ ஜனவரித் தொடக்கத்திலோ வடகிழக்குக் காற்றில் புறப்பட்டால் அதே பருவத்தில் திரும்பிவிடலாம்.

கொப்தோஸில் கி.பி. 90இல் கல்லில் பொறித்து வைத்த சாலைக் கட்டணப் பட்டியல் ஒன்று உண்டு. செங்கடலுக்குப் போகும் மாலுமிக்கு 5 திராக்மா, சுக்கான் பிடிப்பவருக்கு 8, கப்பலின் பாய்மரத்துக்கு 20 என்று அதில் வரிசையாக இருக்கிறது. பாய்மரத்துக்குத் தனிக் கட்டணம் விதித்திருக்கிறார்கள் என்றால், பாய்மரங்களே பாலைவனம் கடந்து போய்க்கொண்டிருந்தன என்று பொருள். மரமே இல்லாத கரையில் கப்பலைப் பழுது பார்க்க வேறு வழி ஏது?

மறுமுனையிலிருந்து பார்த்தவர்கள் தமிழ்ப் புலவர்கள். பேரியாற்றின் வெண்ணுரை கலங்க யவனரின் நல்ல மரக்கலம் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" வளமான முசிறி என்று அகநானூற்றின் 149ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியதை நம்மில் பலர் பள்ளியிலேயே படித்திருப்போம். பொன்னைக் கொடுத்து மிளகை வாங்கிக்கொண்டு போன அந்தக் கலம் போய்ச் சேர்ந்த துறைகளில் ஒன்று பெரனிகே. அங்கே செராபிஸ் என்ற தெய்வத்தின் கோயில் முற்றத்தில், தரைக்குள் புதைத்து வைத்திருந்த ஒரு பெரிய இந்திய மண்தாழி கிடைத்தது. அதற்குள் 7.55 கிலோ கருமிளகு, 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ரோமானியப் பேரரசின் எல்லைக்குள் ஒரே இடத்தில் இவ்வளவு மிளகு வேறெங்கும் கிடைக்கவில்லை. பாட்டும் தாழியும் ஒன்றையொன்று இவ்வளவு நேராகச் சந்திப்பது தொல்லியலில் அபூர்வம். அதை நினைத்து நாம் மகிழ்வதில் தவறே இல்லை.

பணத்தின் அளவையும் பார்த்துவிடுங்கள். இந்தியா ஆண்டுதோறும் ரோமிடமிருந்து 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) உறிஞ்சிக்கொள்கிறது, அங்கிருந்து வரும் பொருள் இங்கே நூறு மடங்கு விலைக்கு விற்கிறது என்று பிளினி புலம்பினார். மிகைதான் என்று நெடுங்காலம் பலரும் ஒதுக்கினார்கள். பிறகு 1985இல், வியன்னாவில் உள்ள ஒரு பாப்பிரஸ் ஆவணம் அச்சேறியது. முசிறிப் பயணத்துக்காக வாங்கிய கடனுக்கான ஒப்பந்தம் அது, 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பின்பக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. கங்கைச் சடாமாஞ்சில் என்ற நறுமண வேரும் யானைத் தந்தமும் அதில் உண்டு. அந்த ஒரே கப்பலின் சரக்கு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ் மதிப்புடையது. ஒரு ரோமானியப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் அப்போது 1,200 செஸ்டர்ஸ். இந்தச் சரக்கின் மேல் அரசு வாங்கிய சுங்கம் 25 விழுக்காடு. பாலைவனத்தில் கோட்டையும் கிணறும் காவலும் வைத்துப் பராமரிக்க ரோம் ஏன் தயங்கவில்லை என்பதற்கு வேறு பதில் தேவையில்லை.

இனி என் மனதுக்கு மிகவும் நெருக்கமான பகுதிக்கு வருகிறேன்: பெரனிகேயின் குப்பைமேடு.

கோயில், சிலை, கல்வெட்டு எல்லாம் அங்கே இருந்தாலும், ஊரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் 1ஆம் நூற்றாண்டுக் குப்பையிலிருந்து வந்தது என்றால் மிகையில்லை. வறண்ட மண் என்பதால் பாப்பிரஸ் தாளும் துணியும் விதையும் அழியாமல் கிடந்தன. எழுதிய பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. "இன்னாருடைய இத்தனை குடம் மதுவை விடுக" என்று சுங்க வாயிலில் நின்றவருக்கு எழுதிய அனுமதிச் சீட்டுகள் அவற்றில் நிறைய. இத்தாலிய மது, சிரியாவின் லவோதிக்கேயா மது என்று வகையும் குறித்திருக்கிறார்கள். கழுதை விற்ற பத்திரம் ஒன்றும் இருக்கிறது.

அந்தக் குப்பையில் ஒரு தாயின் கடிதமும் கிடைத்தது. ஹிக்கானே என்பவள் மகன் இசிதோரஸுக்கு எழுதியது. நான் கடிதம் போட்டேன், உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லையே என்று தொடங்குகிறாள். பத்து மாதம் உன்னைச் சுமந்ததும் மூன்று ஆண்டு பாலூட்டியதும் இதற்காகத்தானா, ஒரு கடிதத்தில்கூட என்னை நினைக்கத் தெரியாதவனாக நீ இருப்பதற்கா என்று கேட்கிறாள். மகன் பெரனிகேயில் கப்பலுக்குக் காத்திருந்தானா, சுங்கத்தில் வேலை பார்த்தானா என்பதெல்லாம் அதில் இல்லை. அந்த வரி ஒன்றே போதும், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு வீட்டு வாசலில் நம்மை நிறுத்திவிடுகிறது.

விதைகளைப் பார்த்தவர்கள் மிளகோடு தேங்காய், அரிசி, பாசிப்பயறு, குன்றிமணி ஆகியவற்றையும் கண்டார்கள். மிளகு ரோமுக்குப் போகும் சரக்கு. அரிசியும் பாசிப்பயறும் அப்படியல்ல, அவை பெரும்பாலும் சாப்பாட்டுக்கு வந்தவை. கூடவே இந்தியச் சமையல் பானைகளின் உடைசல்களும் கிடைத்தன. அழகுக்காக யாரும் கடல் கடந்து கொண்டுபோகாத சாதாரணப் பானைகள். இந்தியர்கள் அங்கே இறங்கி, காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் தங்கி, தங்கள் சோற்றைத் தாங்களே பொங்கித் தின்றார்கள் என்று இதிலிருந்து அகழாய்வாளர்கள் முடிவுக்கு வருகிறார்கள். இதன் மறுபாதி பெரிப்ளுஸில் இருக்கிறது: முசிறிப் பக்கம் போகும் கப்பல் கோதுமையும் கொண்டுபோக வேண்டும், அது கப்பல்காரர்களின் சாப்பாட்டுக்கு, உள்ளூர் வணிகர்கள் அதைத் தொடுவதில்லை என்கிறது. இரண்டு கரைகளிலும் வெளியூர்க்காரர்கள் தங்கள் தானியத்தைச் சுமந்துகொண்டு போய் உட்கார்ந்திருந்தார்கள். வணிகப் புள்ளிவிவரம் எதைவிடவும் இந்தச் சோற்றுக்கணக்கு எனக்கு அந்த உறவை நன்றாகப் புரிய வைக்கிறது.

பருத்திப் பாய்த்துணித் துண்டுகளும் அங்கே கிடைத்தன, கிழியாமல் இருக்க மேலே பட்டை வைத்துத் தைத்தவை. எகிப்தில் நூலை ஒரு பக்கமாக முறுக்கி நூற்பது வழக்கம். இந்தியாவில் அதற்கு எதிர்ப்பக்கம். இந்தத் துணியின் நூல் இந்திய முறுக்கு. கட்டடங்களில் உத்தரமாகவும் நிலையாகவும் வைத்திருந்த மரங்களில் தேக்கு நிறைய. அவற்றில் கப்பல் பலகைகளுக்கே உரிய முளைத் துளைகள் அப்படியே இருக்கின்றன. உடைந்த கப்பலின் தேக்கை வீணாக்காமல் வீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள்.

இப்போது தமிழ் எழுத்துக்கு வருவோம். 1995 அகழாய்வில் ரோமானிய ஆம்போரா ஜாடியின் ஓடு ஒன்றில் தமிழ்-பிராமிக் கீறல் கிடைத்தது. 1ஆம் நூற்றாண்டுப் படிவத்தில் இருந்தது. அதைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார்: கொற்றன் என்ற பெயருடைய ஒரு தலைவனைக் குறிப்பது. வடக்கே குசைர் அல்-கதீமில் இன்னும் சில கிடைத்தன: கணன், சாதன் என்ற பெயர்கள், பிறகு ஒரு பானை ஓட்டில் "பானை ஒறி" என்ற எழுத்து. ஒறி என்றால் உறிதான், பானையைத் தொங்கவிடும் கயிற்று வலை. இவை எல்லாம் பானையில் உடைமைக்காகவோ அடையாளத்துக்காகவோ கீறியவை. அரசன் வெட்டிய கல்வெட்டு ஒன்றும் இல்லை.

இதை வைத்து, அந்தத் துறைமுகமே தமிழரின் ஆட்சியில் இருந்தது என்ற அளவுக்குச் சிலர் பேசுகிறார்கள். சான்று அப்படிச் சொல்லவில்லை. துறைமுகம் ரோமானிய அரசுடையது. சுங்கமும் காவலும் அவர்களுடையவை. அதே ஊரில் கிரேக்கம், இலத்தீன், எகிப்திய எழுத்துகள், சிரியாவின் பல்மைரா நகரத்து அரமேயம், ஹீப்ரு, தென் அரேபியம், எத்தியோப்பிய எழுத்து எல்லாம் கிடைத்திருக்கின்றன. இத்தனை மொழிக்காரர்கள் புழங்கிய இடத்தில், எழுதத் தெரிந்த ஒரு தமிழன் தன் ஜாடியில் தன் பெயரைத் தன் எழுத்தில் கீறி வைத்தான். அதுவும் சாதாரண ஜாடி அல்ல, மத்தியதரைக் கடலிலிருந்து வந்த மது ஜாடி. சரக்கை ஏற்றி அனுப்பிவிட்டு ஊரில் உட்கார்ந்திருந்தவர்கள் அல்லர் நம் வணிகர்கள், கூடவே போனார்கள் என்பதற்கு இது நேரடிச் சான்று. இதற்கு மேல் இதைப் பெரிதாக்கத் தேவையே இல்லை.

வழிபாட்டிலும் அதே கலப்பு. பல்மைரா நகரத்து வில்வீரர்கள் தங்கள் தெய்வத்துக்குக் கோயில் வைத்திருந்தார்கள். எகிப்திய இசிஸ் தெய்வத்தின் கோயில் முன்றிலில் 2022இல் ஒரு புத்தர் சிலை கிடைத்தது. 71 செ.மீ. உயரம், தலைக்குப் பின்னால் கதிர்விடும் ஒளிவட்டம், பக்கத்தில் தாமரை. கல்லோ இஸ்தான்புல்லுக்கு அருகில் வெட்டப்பட்ட பளிங்கு. அதாவது இந்தியாவிலிருந்து கொண்டுவந்த சிலை அல்ல. ரோமானிய உலகத்தில் கிடைத்த கல்லில், அங்கேயே செய்யப்பட்டது. பேரரசன் பிலிப்பின் காலத்தில், அதாவது கி.பி. 244க்கும் 249க்கும் இடையில் எழுதிய சமஸ்கிருதக் கல்வெட்டும் அந்தக் கோயிலில் கிடைத்தது. வந்து போகும் மாலுமிகள் மட்டுமல்ல, சிலை செய்து வைக்கும் அளவுக்கு வசதியும் மதிப்பும் உள்ள இந்தியர்களும் அங்கே இருந்திருக்கிறார்கள்.

ஊருக்கு வெளியே குப்பைமேட்டின் ஓரத்தில் விலங்குகளுக்கென்று ஓர் இடுகாடு இருக்கிறது. 1, 2ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. கிட்டத்தட்ட 600 விலங்குகளை அங்கே எடுத்து ஆராய்ந்தார் மார்த்தா ஒசிபின்ஸ்கா என்ற போலந்து ஆய்வாளர். பத்தில் ஒன்பது பூனைகள். மீதி நாய்களும் சில குரங்குகளும். எகிப்தில் வழக்கமாகக் கிடைப்பதுபோல் கடவுளுக்குப் பலியிட்டு மம்மியாக்கியவை அல்ல. தூங்குவதுபோல் கிடத்தி, துணியாலோ உடைந்த பானையாலோ மூடிப் புதைத்திருக்கிறார்கள். சில பூனைகளின் கழுத்தில் இரும்பு வளையமும் மணிகளும். பல் போன விலங்குகளும் காயப்பட்டவையும் பல காலம் உயிரோடு இருந்திருக்கின்றன. யாரோ பார்த்துப் பார்த்து ஊட்டியிருக்கிறார்கள். மனிதர்களுக்கே சாப்பாடு பாலைவனம் கடந்து வர வேண்டிய ஊரில் இது நடந்திருக்கிறது. குரங்குகள் இந்தியாவைச் சேர்ந்த மகாக் இனம் என்று எலும்பாய்வு சொல்கிறது. மிளகுக் கப்பலில் அவையும் வந்தன.

3ஆம் நூற்றாண்டில் ரோமானியப் பேரரசே தள்ளாடியபோது பெரனிகேயும் மங்கியது. 4ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்தது, ஆனால் வேறு முகத்தோடு. கிழக்குப் பாலைவனத்தின் நாடோடி மக்களான பிளெம்மியர்கள் ஊரில் செல்வாக்குப் பெற்றார்கள். இந்தியாவின் மேற்கு சத்ரப மன்னன் மூன்றாம் ருத்ரசேனனின் வெள்ளிக்காசும், எத்தியோப்பியாவின் அக்சும் மன்னன் அஃபிலாஸின் காசும் கிடைத்திருப்பதால் தொலைதூர வணிகம் தொடர்ந்தது தெரிகிறது. இந்தக் காலத்துக் கோயில் ஒன்றில் 15 வல்லூறுகளைப் புதைத்திருந்தார்கள். பெரும்பாலானவற்றுக்குத் தலை இல்லை. பக்கத்தில் இருந்த கல்லில் கிரேக்க மொழியில் "இங்கே தலையை வேக வைப்பது முறையல்ல" என்ற ஆணை. 5ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவக் கோயிலும் எழுந்தது.

முடிவு போரால் வந்ததல்ல. எரிந்த சாம்பல் படிவமோ இடித்துத் தள்ளிய தடயமோ இல்லை. துறையின் வாயில் வண்டலும் மணலும் படிந்து ஆழம் குறைந்துகொண்டே வந்தது. அதே நேரத்தில் இந்தியச் சரக்கு அக்சுமின் அதூலிஸ் துறைமுகம் வழியாகவும், செங்கடலின் வடமுனைத் துறைகள் வழியாகவும் போகத் தொடங்கியது. ஊரைத் தாங்கிப் பிடிக்கச் செலவு செய்ய எந்த அரசுக்கும் காரணம் இல்லாமல் போனது. சொந்தமாக விளைநிலமும் நீரும் உள்ள ஊராக இருந்தால் வணிகம் போன பிறகும் ஒரு மீன்பிடி கிராமமாகவாவது ஒட்டிக்கொண்டிருக்கும். பெரனிகேக்கு அந்த வாய்ப்பே இல்லை. 6ஆம் நூற்றாண்டின் நடுவில் கடைசி ஆட்களும் புறப்பட்டார்கள்.

1818இல் அந்த இடத்தை மறுபடி அடையாளம் கண்டவர் ஜியோவான்னி பெல்சோனி என்ற இத்தாலியர். இசிஸ் கோயிலின் மேல்பகுதி மணலுக்கு மேலே தெரிந்தது. மண்வெட்டி கொண்டுவராததால் ஒரு பெரிய கடற்சிப்பியை வைத்துத் தோண்டச் செய்தார். முறையான அகழாய்வு 1994இல்தான் தொடங்கியது; ஸ்டீவன் சைட்பாதமும் வில்லெக்கே வெண்டிரிக்கும் 2001 வரை நடத்தினார்கள். இடைவெளிக்குப் பிறகு 2008 முதல் போலந்து குழுவோடு சேர்ந்து வேலை தொடர்ந்தது.

இன்று அங்கே போனால் பிரமிடுபோல் எதுவும் கண்ணில் படாது என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். வெளுத்த மண்மேடுகள், அவற்றில் பவளப்பாறைச் சுவர்களின் வரிசை கோடு கோடாகத் தெரியும், காலடியில் எங்கு பார்த்தாலும் ஓட்டுச் சில்லு. நடுவில் உயர்ந்த இடத்தில் இசிஸ் கோயிலின் சுவர்கள். கப்பல் நின்ற துறை இப்போது உப்புப் படிந்த தாழ்நிலம். அந்த வட்டாரத்தில் இராணுவத் தளம் இருப்பதால் முன்கூட்டியே அனுமதி இல்லாமல் கிளம்ப வேண்டாம். இதுவரை தோண்டியது ஊரின் மிகச் சிறு பகுதிதான். ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக ஏதோ ஒன்று வந்துகொண்டிருக்கிறது. இந்தப் பொருளில் ஆர்வம் இருந்தால் பெரனிகேயைத் தனியாகப் பார்க்காமல், குசைர் அல்-கதீமையும், முசிறி இருந்த இடமாகப் பலர் கருதும் கேரளத்தின் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டணத்தில் மண்ணுக்கு அடியில் கிடைப்பது மத்தியதரைக் கடலின் ஆம்போரா, பெரனிகேயில் கிடைப்பது இந்தியப் பானை.